முற்பணம் கட்டும் முன் பார்க்கவேண்டிய காகிதங்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் பாமன்கடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகத்தைப் பற்றி எடுக்கும் முடிவுகளில் பல, உரிய காகிதம் ஒன்றையேனும் வாசிக்காமல் எடுக்கப்படுகின்றன. ரியூட்டரி ஆசிரியரின் ஆலோசனை, மேல்மாடி வீட்டுப் பிள்ளை சென்ற வழி, காலி வீதியில் தொங்கும் முகவர் நிலையத்தின் பதாகை ஆகியவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. விண்ணப்பம் பிழைத்த பின்னரோ பணம் கைமாறிய பின்னரோதான் விதி என்னவென்று விசாரிக்கப்படுகிறது. அந்நேரத்தில் விதி பெரும்பாலும் குடும்பத்துக்கு எதிராகவே நிற்கிறது.

அரச பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துப் பெறும் அளவே இசட் புள்ளியாகும். மூன்று பாடங்களினதும் சராசரி மாணவரின் இறுதி இசட் புள்ளியாகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. 1970களின் தரப்படுத்தலிலிருந்து இம்முறை வளர்ந்த கதை தமிழருக்குப் புதியதன்று. இன்று கொழும்புப் பெற்றோர் சறுக்குவது வேறோர் இடத்தில். பாடசாலை மூலம் தோற்றும் மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது அடையாள அட்டையின் முகவரியோ பூர்வீக ஊரோ அன்று, பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் அவர் கற்ற பாடசாலை அமைந்த மாவட்டமே. வெட்டுப்புள்ளி உயர்ந்து நிற்கும் கொழும்பிலேயே படித்த பிள்ளையை இறுதி ஆண்டில் வவுனியாவுக்கோ மன்னாருக்கோ மாற்றினால் அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி கிடைத்துவிடும் என்று நம்புவோர், அம்மூன்றாண்டுகளில் எந்த மாவட்டத்தில் அதிக காலம் கழிந்தது என்பதைக் கணக்கிடாமலே நம்புகின்றனர்.

அடுத்த பிழை விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கில் நேர்கிறது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் அது நடைபெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துத் தனிக் குறியீடு ஒன்று உண்டு. யூனிகோட் என்று கைநூல் குறிப்பிடுவது அதையே. எனவே யாழ்ப்பாண மருத்துவமும் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவமும் ருகுண மருத்துவமும் மூன்று வேறு தெரிவுகள். மாணவருக்கு வழங்கப்படுவது அவருடைய புள்ளி எட்டும் தெரிவுகளுள் அவர் வரிசையில் முந்தி எழுதிய தெரிவாகும். ஆகையால் எட்டாதது போலத் தோன்றும் கற்கைநெறியை முதலில் எழுதுவதால் அடுத்ததில் கிடைக்கவேண்டிய இடம் பறிபோவதில்லை. பாதுகாப்பு என்று எண்ணி விருப்பமில்லாததை முதலில் எழுதினால் அதுவே கிடைக்கும், பிறகு மாற்ற இயலாது. தூரம் என்ற காரணத்தால் ருகுணவையும் ரஜரட்டவையும் விட்டுவிட்டு, வெட்டுப்புள்ளி வெளியான பின்னர் அங்கே இடம் கிடைத்திருக்கும் என்று அறிந்து வருந்துவோரும் ஆண்டுதோறும் உளர். மொரட்டுவையின் கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் தனி விண்ணப்பமும் உண்டு. பத்திரிகை அறிவித்தலைத் தவறவிட்டவருக்கு உயர்ந்த இசட் புள்ளியும் உதவாது.

தெரிவுக் கடிதம் வந்த பின்னரும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. குறித்த திகதிக்குள் பதிவுசெய்யாதவர் இடத்தை இழக்கிறார். பதிவுசெய்தவரோ, அடுத்த ஆண்டு மீண்டும் தோற்றி இன்னும் நல்ல புள்ளி பெற்றாலும், ஆணைக்குழுவின் புதிய தெரிவில் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. இப்போதைக்குப் பதிந்து வைப்போம், அடுத்த முறை பார்ப்போம் என்ற அறிவுரையை எவர் சொன்னாலும், கைநூலின் தகுதியின்மை பற்றிய பகுதியை வாசிக்காமல் அதன்படி நடக்கக்கூடாது. அனுமதிக்காகக் கணக்கில் கொள்ளப்படுவன மூன்று தடவைகள் மட்டுமே என்பதையும் இம்முடிவோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கைநூல் தமிழில் அச்சாகிறது, ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் கிடைக்கிறது. வாசிக்காமைக்கு மொழியைக் காரணம் காட்ட முடியாது.

அரச இடம் கிடைக்காதபோது குடும்பங்கள் நாடும் தனியார் நிறுவனங்களில்தான் பெருந்தொகை புரள்கிறது. இங்கே இருவேறு அங்கீகாரங்கள் உள்ளன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று பட்டம் வழங்கும் அதிகாரம்: 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ், வர்த்தமானி அறிவித்தல் மூலம் அளிக்கப்படுவது. மற்றையது தொழிலுக்கான பதிவு: மருத்துவருக்கு இலங்கை மருத்துவ சபை போன்ற தொழில்சார் அமைப்பு அளிப்பது. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நம்பியதன் விலையை மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியான சைட்டத்தின் மாணவர்கள் கொடுத்தனர். 2011இல் அந்நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. மருத்துவ சபையோ அப்பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. 2017 ஜனவரி 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்த பின்னரும் வேலைநிறுத்தங்களும் வகுப்புப் பகிஷ்கரிப்பும் தொடர்ந்தன. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனத்தை இல்லாதொழிக்கும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. மாணவர்கள் பின்னர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டனர். ஆட்சியிலிருந்தோர் ஒரு கையால் அனுமதித்ததை மறு கை ஏற்காத நிலைக்கு, கட்டணம் செலுத்திய குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பலியாயின. இரண்டு அங்கீகாரங்களையும் தனித்தனியே, எழுத்தில் உறுதிசெய்யாமல் முற்பணம் கட்டக்கூடாது.

இந்த உறுதிப்பாட்டைப் பெறும் இடம் பாமன்கடையிலிருந்து தொலைவில் இல்லை. கொழும்பு 07, வோட் பிளேஸ் 20ஆம் இலக்கத்தில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும், 18ஆம் இலக்கத்தில் கல்வி அமைச்சின் உயர்கல்விப் பிரிவும் உள்ளன. இலங்கை நிறுவனம் தன் சொந்தப் பட்டத்தை வழங்குவதாயின் வினா அமைச்சிடம் செல்லவேண்டும்: எந்த வர்த்தமானி, எந்தத் திகதி, எந்தப் பட்டம் என்று கேட்கவேண்டும். அங்கீகாரம் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியே அளிக்கப்படுவதால், நிறுவனத்தின் பெயர் வர்த்தமானியில் இருப்பது போதாது. பிள்ளை சேரவுள்ள பட்டத்தின் முழுப்பெயர், விளம்பரத்தில் உள்ளவாறே, வர்த்தமானியிலும் இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் கொழும்பில் கற்பிப்பதாயின் வினா ஆணைக்குழுவிடம் செல்லவேண்டும். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் நாட்டையும் எழுதி, அங்கீகாரம் பற்றிய கடிதத்தைக் கேட்கலாம்.

கருமபீடத்தில் அங்கும் இங்கும் அலைக்கழிக்கப்படுவது இவ்வலுவலகங்களில் அரிதன்று. அதனால் வாய்மொழிப் பதிலோடு திரும்புவது வீண். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அதே இடத்தில் ஏற்புச் சீட்டைப் பெறவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு தெரிவிக்கவேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இங்கு ஆணைக்குழு என்பது தகவலறியும் உரிமை ஆணைக்குழு. சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களும் கல்வி நிறுவனங்களும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை என்பதைப் பெற்றோரில் மிகச் சிலரே அறிவர். மாணவர் தொகையையும் அங்கீகார ஆவணங்களையும் நிறுவனத்திடமே கேட்கலாம். விண்ணப்பம் தமிழில் இருக்கலாம், பதிலும் தமிழில் வரவேண்டும். அது அரசியலமைப்பு தரும் உரிமை. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் அதன் பிரதியோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடவேண்டும், பக்கத்து வீட்டாரிடம் வாசிப்பித்து அமைதி கொள்வதால் அடுத்த கடிதமும் சிங்களத்திலேயே வரும்.

வெளிநாடு செல்வோருக்கு முகவரின் சொல் ஒருபோதும் ஆவணமாகாது. பிரித்தானியாவில் மாணவர் விசாவுக்கு ஆதரவளிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பதிவேட்டையும், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கான அவுஸ்திரேலியாவின் கிரிகோஸ் பதிவேட்டையும், கனடாவின் குறித்தொதுக்கப்பட்ட கல்வி நிறுவனப் பட்டியலையும் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2023இல் கனடாவில் இந்திய மாணவர் பலர், முகவர் கொடுத்த அனுமதிக் கடிதங்கள் போலியானவை என்று தெரியவந்து நாடுகடத்தும் நடவடிக்கையை எதிர்நோக்கினர். அதன் பின்னரே, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல், கடிதங்களைக் கல்லூரியிடமே நேரடியாகச் சரிபார்க்கும் முறை வந்தது. கடிதத்திலுள்ள மாணவர் இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் உள்ள அனுமதிப் பிரிவு மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதுவது போதும். முகவர் நிலையச் சுவரில் தொங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் வேலைக்கு ஆளனுப்புவதற்கானது, கல்விக்கு அது பொருந்தாது. மருத்துவம் கற்கச் செல்வோர் புறப்படும் முன்னரே இலங்கை மருத்துவ சபைக்கு எழுதி, அந்தக் கல்லூரி ஏற்கப்பட்டதா, பிள்ளையின் உயர்தரச் சித்தி போதுமா என்று கேட்டறியவேண்டும். திரும்பி வந்தபின் எழுதவேண்டிய பதிவுப் பரீட்சை தனி.

பணம் பற்றிய எச்சரிக்கை மீண்டும் சொல்லப்படவேண்டியது. கட்டணம் வங்கி மூலம் பல்கலைக்கழகத்தின் பெயரிலான கணக்குக்கு மட்டுமே செல்லவேண்டும். முகவரின் தனிப்பட்ட கணக்குக்கோ கைக்கோ செல்லக்கூடாது. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாட்களில் திரும்பும் என்பது கையொப்பமிடும் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். மூலச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் எவரிடமும் விட்டுவைக்கலாகாது. பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழைப் பத்தரமுல்லையிலுள்ள கொன்சியூலர் அலுவல்கள் பிரிவில் குடும்பத்தினரே உறுதிப்படுத்திக்கொள்ளலாம், அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

ஏமாற்றம் நிகழ்ந்துவிட்டால், பற்றுச்சீட்டு, விளம்பரத் துண்டு, வட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி, பொலிஸ் நிலையத்தில் மோசடி முறைப்பாடு செய்து, முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்கவேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதலாம். அதன் துரித இலக்கம் 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அம்முறைப்பாடு சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் சேரவேண்டும். அடுத்த தவணை வரட்டும், இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று முகவரின் வாக்குறுதிக்குக் காத்திருக்கும் காலமும் அந்த மூன்று மாதங்களுக்குள்ளேயே கழிகிறது.