விற்றது லாபமா? நஷ்டமா?

ஒரு கம்பெனி 2009-ம் ஆண்டில் கை மாறியது. அப்போது அதற்குப் போட்ட மதிப்பு 275 கோடி டாலர்.

இரண்டு வருஷம் முடிவதற்குள், அதே கம்பெனி 850 கோடி டாலருக்கு விலை பேசப்பட்டது!

முதலில் விற்றவர்கள் ஏமாந்து விட்டார்களா? இந்தக் கேள்வி பல வருஷம் அடங்கவில்லை.

ஏலக் கடை

விற்றது "ஈபே" கம்பெனி. 1995-ம் ஆண்டில் தொடங்கிய இது, இன்டர்நெட்டில் நடக்கும் ஏலக் கடை. பழைய சாமானும் விலை போகும். புதுச் சாமானும் விலை போகும். விற்பவர்கள் கொடுக்கும் கமிஷன்தான் கம்பெனிக்கு வருமானம்.

விற்கப்பட்டது "ஸ்கைப்". இது வேறு தொழில். கம்ப்யூட்டர் மூலம் டெலிபோன் போலப் பேச உதவியது. ஸ்கைப் வைத்திருந்த இருவர் பேசினால் காசு இல்லாமல் இருந்தது. சாதாரண டெலிபோனுக்குப் பேசினால் மட்டும் கட்டணம் இருந்தது.

சுவீடன் நாட்டுக்காரர் ஒருவரும் டென்மார்க் நாட்டுக்காரர் ஒருவரும் 2003-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள்.

2005-ம் ஆண்டில் ஈபே இதைச் சுமார் 260 கோடி டாலருக்கு வாங்கியது. "வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரே பேசினால் வியாபாரம் பெருகும்" என்று கணக்குப் போட்டது.

கணக்குத் தப்பியது! ஏலம் கேட்க வந்தவர்கள் பேச்சை நாடவில்லை. 2007-ம் ஆண்டில், ஸ்கைப்பின் மதிப்பில் 90 கோடி டாலர் குறைந்து விட்டதாக ஈபே கணக்கில் எழுதியது.

இரண்டு கட்சி

"நமக்கு ஒட்டாத தொழில். விற்று விட்டு, கடையைக் கவனிப்போம்" என்பது ஒரு கட்சி.

"ஸ்கைப்பில் 40 கோடிப் பேருக்கு மேல் சேர்ந்து விட்டார்கள். 2008-ம் ஆண்டில் மட்டும் வருமானம் சுமார் 55 கோடி டாலர். வளரும் பிள்ளையை விற்கலாமா?" என்பது மற்றொரு கட்சி.

இதற்கு நடுவே பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஸ்கைப் இயங்குவதற்கு முக்கியமான ஒரு நுட்பம் ஈபேக்குச் சொந்தம் அல்ல. தொடங்கிய இருவரின் வேறொரு கம்பெனிக்குச் சொந்தம்! வீடு ஒருவருடையது; அஸ்திவாரம் வேறொருவருடையது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2009 நவம்பரில் சமாதானம் ஏற்பட்டது. விற்பனையும் முடிந்தது. தொடங்கிய இருவருக்கும் நூற்றுக்கு 14 பங்கு கிடைத்தது. முதலீட்டாளர் கூட்டம் ஒன்று 56 பங்கை எடுத்துக் கொண்டது. மீதி 30 பங்கை ஈபே விற்காமல் வைத்துக் கொண்டது.

மீண்டும் சண்டை

2011-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி ஸ்கைப்பை 850 கோடி டாலருக்கு வாங்கியது.

2014-ம் ஆண்டில் கார்ல் ஐகான் என்ற பெரிய முதலீட்டாளர் பழைய கதையைக் கிளப்பினார். "மலிவாக விற்று விட்டீர்கள். நம் டைரக்டர் ஒருவரின் முதலீட்டுக் கம்பெனியும் வாங்கியவர்களோடு சேர்ந்திருந்ததே!" என்பது அவர் குற்றச்சாட்டு.

"அந்த டைரக்டர் பேரத்தில் கலந்து கொள்ளவே இல்லை" என்று ஈபே மறுத்தது.

யார் சொன்னது சரி?

பின்னால் வந்த விலையை வைத்து, முன்னால் விற்றவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் விற்ற வருஷத்தில் வழக்கு தலைக்கு மேல் தொங்கியது. அன்று 850 கோடி கொடுக்க யாரும் வரவில்லை.

ஸ்கைப்பும் நிலைக்கவில்லை. 2025 மே மாதம் மைக்ரோசாப்ட் அதை மூடி விட்டது.

முழுவதையும் விற்றிருந்தால் ஈபேக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். விற்காமலே இருந்திருந்தால் வழக்கு மிஞ்சியிருக்கும். கையில் வைத்திருந்த 30 பங்குக்கு 2011-ல் மறுபடியும் பணம் வந்தது.

நிச்சயம் தெரியாத பொருளை விற்கும்போது, கொஞ்சம் கையில் வைத்துக் கொள்வது கெட்டிக்காரத்தனம்!