பழைய யூ-போல்ட்டையே திரும்ப மாட்டலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நட்டு-போல்ட்டு சமாச்சாரம். "என்கிட்ட லாரியே இல்லையே, நான் ஏன் கேக்கணும்?"னு தோணலாம். ஆனா பைபாஸ்ல உங்க ஸ்கூட்டருக்குப் பக்கத்துல உறுமிக்கிட்டுப் போகுதே ஒரு ரெண்டு அச்சு லாரி, அதோட பின் அச்சு பெரும்பாலும் நாலே நாலு யூ-போல்ட்டை நம்பித்தான் ஸ்பிரிங்கோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பக்கத்துக்கு ரெண்டு. ஸ்பிரிங் வேலைக்காக அதைக் கழட்டினா, பழசையே மாட்டலாமா, புதுசு வாங்கணுமா? லாரிப் பட்டறைகள்ல ஓயாம நடக்கிற வாக்குவாதம் இது.

அமைப்பைச் சொல்லிடறேன். நம்ம ஊர் லாரிகள்ல பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங்தான். எஃகுப் பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல ஒரு ஓட்டை போட்டு, சென்டர் போல்ட் குத்தியிருப்பாங்க. அந்த மொத்த அடுக்கையும் அச்சோட சேர்த்து இறுக்குறது யூ-போல்ட். 'ப' எழுத்தைத் தலைகீழாக் கவுத்தா எப்படி இருக்கும், அதேதான். ரெண்டு கால்லயும் மரை, ஆளுக்கொரு நட்டு.

பலர் நினைக்கிற மாதிரி சென்டர் போல்ட் பாரம் தாங்குறதில்லை. பட்டைகள் இடம் மாறாம வரிசையா உக்கார ஒரு அடையாளம், அவ்வளவுதான். பிடிப்பு முழுக்க யூ-போல்ட்டோட இறுக்கத்துலதான். அஞ்சாறு புத்தகத்தை வரிசையா வெச்சு, ரெண்டு உள்ளங்கையாலயும் அழுத்தித் தூக்கிப் பாருங்க. அழுத்தம் இருக்கிறவரைக்கும் ஒரே கட்டை மாதிரி நிக்கும். கை கொஞ்சம் தளர்ந்தா நடுப் புத்தகம் நழுவும். லாரியில தளர்ந்தா பட்டைகள் ஒண்ணு மேல ஒண்ணு உரசும், ஓட்டை இருக்கிற பலவீனமான இடத்துல வளையும். பட்டை நடுவுல, சரியா சென்டர் போல்ட் ஓட்டையில கட் ஆகியிருந்தா, டிரைவர் ரோட்டுப் பள்ளத்தைத் திட்டுவார். நான் முதல்ல யூ-போல்ட்டைத்தான் சந்தேகப்படுவேன். இதைவிட மோசம், அச்சே நகர்ந்து கோணலாகி, வண்டி ஒரு பக்கமா இழுக்கிறது.

சரி, பழைய போல்ட்ல என்ன குறை? போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான்னு யோசிச்சா புரிஞ்சிடும். நட்டை முடுக்கும்போது போல்ட் துளியூண்டு நீளுது. திரும்பச் சுருங்கப் பாக்குற அந்த இழுவைதான் பிடிப்பு. சாதாரண போல்ட் தலையில 10.9-னு போட்டிருந்தா, ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ இழுவையில அறுந்துபோகும்னு அர்த்தம். அந்த '.9', அதுல 90 சதவீதம் வரைக்கும்தான் நீண்டு சுருங்கும்னு சொல்லுது. அதைத் தாண்டினா நீண்டது நீண்டதுதான், பழைய பைஜாமா எலாஸ்டிக் மாதிரி. யூ-போல்ட்டுக்குத் தலையே கிடையாது. அதனால பழசு எந்தத் தரம், இதுக்கு முன்னாடி யார் எவ்வளவு நீளக் குழாயைப் போட்டு முடுக்கினாங்கன்னு அதைப் பாத்து சொல்றது கஷ்டம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டார்க் ரென்ச் வெச்சு நீங்க 100 பங்கு பலம் கொடுத்தா, சுமார் 50 பங்கு நட்டுக்கு அடியில உரசலுக்கே போயிடும். சுமார் 40 மரைக்குள்ள உரசலுக்கு. மிச்சம் 10தான் போல்ட்டை நீட்டுது! இப்போ அந்த மரையில துரு, சேறு. உரசல் 40 இருந்தது 45 ஆனாக்கூட, போல்ட்டுக்குக் கிடைக்கிறது 5. பிடிப்பு பாதியாயிடுச்சு. ஆனா ரென்ச்சுக்கு இதெல்லாம் தெரியாது. அது வழக்கம்போல 'க்ளிக்'னு சொல்லும், நாமளும் சரியா முடுக்கிட்டோம்னு நம்பிடுவோம்.

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில இந்த வாக்குவாதத்தை நேர்லயே கேட்டேன். டிரைவர், "ஏனுங்க மேஸ்திரி, போல்ட்டு நல்லாத்தானுங்க இருக்குது, இதையே போட்டுடுங்க. ஓனர் கணக்குக் கேப்பாருங்க"ன்னார். மேஸ்திரி ஒண்ணும் பேசல. ஒரு புது நட்டை எடுத்து, பழைய போல்ட்ல விரலாலயே சுத்திக் காமிச்சார். பாதி தூரம் சுலபமாப் போச்சு, அப்புறம் சிக்கிருச்சு. மரை இழுபட்டு இடைவெளி மாறியிருக்குன்னு அர்த்தம். "இதுக்கு மேல நீங்களே சொல்லுங்க"ன்னுட்டார். நல்ல சோதனை, ஆனா ஒருவழிப் பாதை. நட்டு சிக்கினா போல்ட் கெட்டது நிச்சயம். சிக்காம ஓடினா நல்லதுன்னு நிச்சயம் இல்லை.

ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் பொதுவா சொல்றதும் இதுதான்: யூ-போல்ட்டைக் கழட்டினா புதுசு, நட்டோடயும் வாஷரோடயும் சேர்த்து. எனக்கும் இதுல மறுபேச்சு இல்லை. லாரி ஒரு நாள் நின்னா ஆகுற நஷ்டத்துக்கு முன்னாடி இந்தக் காசு பெரிசில்லை.

அதுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்ற மெக்கானிக்கையும் நான் நம்ப மாட்டேன். கொண்டை நட்டு, அதாவது பிளவு வெட்டின நட்டு, மரை சுத்தமா இருந்தா திரும்பப் போடலாம். அதுக்குள்ள போற ஸ்பிளிட் பின் மட்டும் எப்பவும் புதுசு. பிராக்கெட் போல்ட் நேரா, துரு தின்னாம இருந்து, கம்பெனி கையேடும் அனுமதிச்சா ஓகே. உள்ளே நைலான் வளையம் வெச்ச லாக் நட்டு அப்படி இல்லை. ஒரு தடவை கழட்டினாலே அதோட பிடி குறைஞ்சிடும், மாத்திடுங்க. கழட்ட முடியலைன்னு கேஸ் வெச்சு சூடு காட்டின போல்ட்டைப் பத்திப் பேச்சே வேண்டாம். அந்த எஃகோட பதமே போயிருக்கும்.

புதுசு மாட்டியாச்சு, வேலை முடிஞ்சுதா? இல்லை. பாரம் ஏத்தி ஓடும்போது பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற பெயின்ட், துரு, மேடு எல்லாம் நசுங்கி அடுக்கு கொஞ்சம் மெலியும், இறுக்கம் குறையும். அதனால சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப டார்க் பாக்கணும். கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சங்ககிரியில மாட்டிட்டு பெங்களூரு போய்வந்தாலே 450 கிலோமீட்டருக்கு மேல ஆயிடும், திரும்பி வந்ததும் பட்டறைக்கு விட்டுடலாம். பலரும் விடுறதில்லை. 2018-ல மத்திய அரசு ரெண்டு அச்சு லாரியோட மொத்த எடை வரம்பை 16.2 டன்ல இருந்து 18.5 டன்னா உயர்த்தினதை நினைச்சுக்கிட்டா, இந்த ஒரு மணி நேர வேலையோட மதிப்பு தெரியும்.

முடுக்கினதும் நட்டு மேலயும் போல்ட் மேலயும் சேர்த்து பெயின்ட்ல ஒரே கோடு இழுத்துடுங்க. டீ குடிக்க நிறுத்துற இடத்துல குனிஞ்சு ஒரு டார்ச் அடிச்சாப் போதும். கோடு உடைஞ்சிருந்தா நட்டு சுத்தியிருக்கு. கோடு நேரா இருந்தாலும் அடுக்கு மெலிஞ்சு பிடிப்பு குறைஞ்சிருக்கலாம், அதைக் கோடு காட்டாது. அதுக்கு ரென்ச்தான்.