ஆலமரத்தடியில் ஒரு சிக்கல்

இணையத்தில் ‘சிக்கல்’ என்று தேடினால் நாகப்பட்டினத்துச் சிங்காரவேலர்தான் முதலில் வந்து நிற்பார். இராமநாதபுரத்துக் கடலாடி வட்டத்துச் சிக்கல்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஒரே பெயரில் பல ஊர் இருந்தால் வழிபிரித்து அனுப்பத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று பெயர். சொல்லிப் பழகக் கொஞ்சம் நாளாகும்.

கலைக்களஞ்சியம் என்பது இராமநாதபுரச் சீமைக்குப் புதிதல்ல. சென்னைத் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாகத் திரட்டிய ‘அபிதான சிந்தாமணி’க்குக் கைகொடுத்தவர், அந்தச் சீமையின் சேதுபதி குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர். அவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை 1910-இல் வெளியிட்டது. பிறகு பெரியசாமித் தூரன் தலைமையில் ஒரு குழு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் இன்னொரு கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புரவலரும் இல்லை, தலைமை ஆசிரியரும் இல்லை. ஆரம்ப நாள்களில் அதைத் தோளில் சுமந்த இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட அங்கே நடக்கும் வழக்காடல்தான் சுவாரசியம். பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! நாம் இயற்பியல் என்பதை ஈழத்தில் பௌதிகவியல் என்பார்கள். நம் வேதியியல் அவர்களுக்கு இரசாயனவியல். எந்தச் சொல்லில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோய்விட ‘வழிமாற்று’ உண்டு. எந்தச் சொல் தலைப்பில் உட்காருவது என்பதில்தான் மல்லுக்கட்டு. யார் எதை மாற்றினார், யார் அதைத் திருப்பினார் என்பதெல்லாம் ‘வரலாறு’ பக்கத்தில் நாள், மணியோடு கிடக்கும். பஞ்சாயத்தில் பேசியது ஒரு சொல் விடாமல் பதிவாவது போல.

ஊர்களிடம் வரும்போதுதான் இந்தக் கூட்டு உழைப்பு இளைத்துப்போகிறது. தமிழக ஊராட்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரைகளைத் தானியங்கி நிரலே எழுதிப் போட்டது. மக்கள்தொகை, கைக்குழாய், மேல்நிலைத் தொட்டி, ஊரணி, சுடுகாடு என்று எண்ணிக்கை வரிசையாக இருக்கும். நல்ல காரியம்தான், பல ஊர்களுக்குத் தமிழில் ஒரு பக்கமாவது கிடைத்தது. ஆனால், படித்தால் தாலுகா ஆபீஸ் பதிவேட்டைப் புரட்டிய மாதிரி இருக்கிறது. சீமைக்கருவேலம் மண்டுவதற்கு முன் கண்மாய்க்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மடைக்கு என்ன பேர், கலுங்கு தாண்டினால் வெள்ளம் யார் வயலுக்குப் போகும் என்பதெல்லாம் அதில் கிடையாது.

தெரிந்த பெரிசு ஒருவர் சொல்லி, பேரன் அதைச் செல்போனில் தட்டி ஏற்றினாலும், ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுப் போவார்கள். விதியில் தப்பில்லை, அது இல்லாவிட்டால் அளப்பவன் கை ஓங்கிவிடும். ஆனால், எந்தப் புத்தகத்தைக் காட்டுவது? மடைக்குப் பெயர் சொன்ன பெரியவர்தான் அதற்குச் சான்று. அவரோ சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கீழ்மடைப் பெயரைப் பற்றி இன்னொரு பெரிசோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.