இரண்டே முக்கால் மணி நேரம்

தில்லியில் வாழும் நம்மவர்களிடம், "சென்னைக்குப் போக எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "விமானத்தில் இரண்டே முக்கால் மணி" என்ற பதில் உடனே வரும். 2011 ஜனவரி வரை நானும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர் வான்வழித் தூரம் ஏறக்குறைய 1,760 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் இருப்புப்பாதையோ போபால், நாக்பூர், விஜயவாடா என்று ஊர்களைத் தொட்டு வருவதால் 2,182 கி.மீ. அதற்குச் சுமார் 33 மணி நேரம் ஆகிறது.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 2 மணி 7 நிமிடம்தான். ஆனால் கால அட்டவணையில் 2 மணி 45 நிமிடத்துக்குக் குறைவாகப் பார்ப்பது அரிது. காரணம், சக்கரத் தடைக்கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரை உள்ள நேரமே அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

ரயில்வேயிலும் இப்படி உண்டு. கடைசி நிலையத்துக்கு முன் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்து வைப்போம். 'ரெகவரி டைம்' என்று பெயர். இதை நாள்தோறும் பார்த்த நானே என் சொந்தப் பயணத்தில் மறந்தேன்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கும்பகோணத்திலிருந்து தம்பியின் போன். "அப்பா போயிட்டாருண்ணா."

எட்டரை மணி விமானத்தில் இடம் கிடைத்தது. "பதினொன்றே காலுக்குச் சென்னை. அங்கிருந்து காரில் நாலு மணி நேரம். நாலு மணிக்குள் வந்துவிடுகிறேன்" என்று தம்பியிடம் சொன்னேன்.

தில்லியில் மூடுபனி. விமானம் கிளம்பியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. சென்னையில் இறங்கி, பெட்டி வந்து, கார் பிடிக்க ஒன்றே முக்கால். சென்னையிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 280 கி.மீ. நான்கு மணி என்பது என் ஆசை. ஆனது ஆறு மணி.

வீட்டில் எல்லோரும் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். நான் வாசலில் இறங்கியபோது இரவு எட்டு மணி. யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மூடுபனியை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் "இரவுதான் வருவேன், விடியும்வரை வைத்திருங்கள்" என்று காலையிலேயே சொல்லியிருந்தால் அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன்.

ஆகவே அன்பர்களே, வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுங்கள். விமான நிலையம் செல்ல ஒன்றே கால் மணி, முன்கூட்டிப் போய்க் காத்திருக்க இரண்டு மணி, பறக்க இரண்டே முக்கால், வெளியே வர முக்கால், ஊர் போய்ச் சேர ஆறு. மொத்தம் பன்னிரண்டே முக்கால். பனிக்காலமானால் மேலும் இரண்டு மணி நேரம் சேருங்கள். உங்கள் ஊருக்கான கணக்கை எழுதி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். அந்தப் போன் வரும் வேளையில் கணக்குப் போடத் தோன்றாது.