கடற்கரை வாங்கு ஏன் ஆடுகிறது?

பெரியநீலாவணைக் கடற்கரையில் கொங்கிறீட் தரையில் வாங்கு பொருத்துபவர் உப்புக்காற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

வாங்கைத் தரையோடு பிணைக்கும் விரியும் போல்ட் எப்படிப் பிடிக்கிறது? நட்டை இறுக்கும்போது அடியிலுள்ள கூம்பு மேலே இழுபட்டு, சுற்றியுள்ள உறையை விரித்துத் துளைச் சுவரில் அழுத்துகிறது. அந்த உராய்வுதான் பிடி. துளையில் தூள் மிஞ்சினால் பிடி தளரும். ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் வேலை இது.

ஓரத்துக்கு மிக அருகே துளைக்கவும் கூடாது. கொங்கிறீட்டின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ 10இல் ஒரு பங்குதான். விரியும் போல்ட் ஓரத்தைப் பிளந்துவிடும்.

உப்புக்காற்று இரும்பைக் கறள்கட்டவைக்கும். கறள், தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். புதைந்த போல்ட் கறள்கட்டினால் கொங்கிறீட்டே வெடிக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 2–3 சதவீதம் மொலிப்டினம் உண்டு. உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலையும் கூடத்தான்.