நாளுக்கொரு தாள்

வங்கிப் பணியாளர் குடும்பங்களுக்கு இடமாற்றம் புதிதன்று. பெட்டிகளைக் கட்டுவதும் பிரிப்பதும் பழகிவிடும். புதிய ஊரில் வீட்டினுள் படரும் மௌனம் மட்டும் எளிதில் பழகுவதில்லை. பீகார் மாநிலத்தின் தர்பங்காவுக்கு நாங்கள் மாற்றலாகி வந்தபோது அந்த மௌனம் எங்கள் வீட்டிலும் குடிகொண்டது. தோழியரைப் பிரிந்த வருத்தத்தில் பதின்மூன்று வயது மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மொழி அறியாத ஊரில் பாட்டிக்குப் பேச்சுத்துணை இல்லை. எங்கள் இருவருக்கோ நிதியாண்டின் இறுதி மாதங்களில் அலுவலகமே உலகம்.

அந்நிலையில் மேற்கொண்டதே இம்முயற்சி. ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், நால்வரும் நாளுக்கொரு தாளில் வரைவது. அஞ்சலட்டை அளவுத் தாள். இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம். அனைவருக்கும் ஒரே மேசை. எவரும் எவர் படத்துக்கும் தீர்ப்புச் சொல்லலாகாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வரைந்து ஈடுகட்டலாகாது; வெற்றுத் தாளில் தேதியை மட்டும் குறித்து அடுக்கிவிட வேண்டும். பிப்ரவரி 12-இல் தொடங்கி, மார்ச் 31-இல் நிறைவுசெய்வது எனத் தீர்மானித்தோம்.

எதை வரைவது என்ற வினாவுக்கு மிதிலை மண்ணே விடையளித்தது. மணமக்களுக்குரிய அறையின் சுவர்களில் பெண்கள் வழிவழியாக வரைந்துவந்தவையே மதுபனி ஓவியங்கள். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இவற்றைக் கண்டு வியந்தார் ஆங்கில அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர். 1960-களில் கடும் வறட்சி நேர்ந்தபோது, பெண்களுக்கு வருவாய் கிடைக்கும் பொருட்டு இவ்வோவியங்களைத் தாளில் வரைய அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் ஊக்குவித்தது. சுவரில் இருந்த கலை சந்தைக்கு வந்தது. 1975-இல் ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ விருது பெற்றார். வீட்டு வேலை செய்து பிழைத்த துலாரி தேவி, தாம் பணிபுரிந்த ஓவியர் இல்லத்திலேயே கலை பயின்று, 2021-இல் அவ்விருதுக்கு உரியவரானார்.

இவ்வோவியத்தின் அடிப்படை இரட்டைக் கோடு. இரு கோடுகளுக்கு இடையே நுண்ணிய குறுக்குக் கோடுகள் இட்டு நிரப்புவர். வெற்றிடம் விடாமல் மீன், மயில், தாமரை, இலை என எதையேனும் வரைவர். மெல்லிய கோடுகளாலேயே அமைவது கச்னி. வண்ணம் நிரப்புவது பர்னி. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சளும், கறுப்புக்கு விளக்குக் கரியும் பயன்பட்டன.

விளக்குக் கரி என்றதும் பாட்டி எழுந்தார். ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடித்த கை அது. கோலமிட்டுப் பழகிய அவ்விரல்களுக்கு இரட்டைக் கோடும் மூன்றே நாளில் வசப்பட்டது. பேத்தி அவரிடம் கற்கலானாள். இரண்டாம் வாரத்தில், அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் எங்கள் மீனைப் பார்த்துச் சிரித்தார். செதில்களை எப்படி அடுக்குவது எனத் தாமே வரைந்து காட்டினார். அவர் மைதிலியில் பேச, பாட்டி தமிழில் மறுமொழி கூற, மகள் தனக்குத் தெரிந்த இந்தியில் இருவருக்கும் பாலமானாள். அதன்பின் அவள் அறைக்கதவு மாலை வேளைகளில் திறந்தே இருந்தது.

மார்ச் இறுதி வாரம் எங்களுக்குக் கடினமாக இருந்தது. எங்களில் ஒருவர் நள்ளிரவை நெருங்கி வீடு திரும்பிய நாளில், மேசையில் ஒரு தாளும் பேனாவும் காத்திருந்தன. தாளின் மூலையில் மகளின் கையெழுத்தில் தேதி. அன்று ஓர் இலையேனும் வரையாமல் உறங்க மனம் வரவில்லை.

மொத்தம் 192 தாள்கள். அவற்றுள் 23 வெற்றுத் தாள்கள். பெரும்பாலானவை எங்கள் இருவருடையவை. அவற்றையும் சேர்த்தே கோப்பில் வைத்திருக்கிறோம்.

தொடர் வைப்புக் கணக்கு தொடங்கும் வாடிக்கையாளரிடம், பெருந்தொகையைவிடத் தவறாத தவணையே முக்கியம் என்று நாங்கள் கூறுவதுண்டு. குடும்ப நேரத்துக்கும் அது பொருந்தும். ஓவியம்தான் வேண்டும் என்பதில்லை. களிமண், காகிதம், தையல், பூத்தொடுத்தல் என எதுவாயினும் ஆகலாம். நாட்களின் எண்ணிக்கையை முன்னரே வரையறுங்கள். செலவைக் குறைவாக வையுங்கள். வீட்டின் மூத்தவரையும் இளையவரையும் அருகருகே அமர்த்துங்கள். எந்த நாளில் தொடங்கினாலும் அது நல்ல நாளே.