வயற்பாசியும் சேற்றுப் பாக்டீரியாவும்

குற்றால மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து, சிற்றாற்றில் புதுநீர் வந்ததும் தென்காசிப் பக்கத்தில் கார் நடவு தொடங்குகிறது. நட்ட சில நாட்களில் வயல்நீரில் பாசி படரக் கண்டதும் மயில்துத்தம் தேடுவோர் பலர். துத்தம் இடுமுன் அப்பாசி எத்தன்மையதென்று அறிதல் நலம்.

பயிரின் இலைப்பச்சை வெளிச்சத்தைக் கிரகித்துத் தண்ணீரைப் பிளக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் கரியமில வாயுவுடன் கூடி மாவுப்பொருளாக, பிராணவாயு வெளியேறுகிறது.

சேற்றில் வாழும் ஊதாநிறப் பாக்டீரியாக்களும் வெளிச்சத்தால் உணவு சமைப்பவையே. ஆயின் தண்ணீரைப் பிளக்கும் வல்லமை அவற்றிற்கில்லை. மக்கும் பொருள்களிலிருந்தோ, அழுகிய முட்டை நாற்றமுடைய கந்தக ஹைட்ரஜனிலிருந்தோ வேண்டியதைப் பெறுகின்றன. ஆகையால் பிராணவாயு வெளிவருவதில்லை. கந்தக ஹைட்ரஜனைக் கொண்டால் கந்தகமே மிஞ்சும். இவ்வேற்றுமையை 1931-இல் வான் நீல் என்னும் அறிஞர் விளக்கினார்.

கந்தக ஹைட்ரஜன் நெல்வேருக்கு நஞ்சு. தழையை மிகுதியாக மிதித்து, அது மக்குமுன் நட்டு, நீரும் வடியாது நிற்குமாயின் சேறு கறுத்து நாறும். அந்நஞ்சை உண்ணும் பாக்டீரியா இருக்கிறதே என்று வாளாவிருத்தல் கூடாது. வெளிச்சம் புகாத அடிச்சேற்றில் அது இத்தொழிலைச் செய்யாது. நீரை வடித்து, மண் மயிரிழையாய் வெடிக்கும்வரை காயவிடுவதே பரிகாரம்.

நீலப்பச்சைப் பாசியோ பெயரளவில் பாசி, இனத்தால் பாக்டீரியா. எனினும் செடியைப் போலவே தண்ணீரைப் பிளந்து பிராணவாயு விடும். உண்மையில் செடிதான் இதனைப் போன்றது எனல் வேண்டும்: நெல்லிலையின் பச்சைக் கணிகங்கள், தொல்காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த இவ்வினத்தின் வழிவந்தவை என்பது இக்கால அறிஞர் துணிபு. நெல்லுக்கில்லாத ஒரு திறமையும் இதன் பல வகைகளுக்கு உண்டு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வேலைக்குப் பிராணவாயு பகை. ஆதலால் இழையில் ஆங்காங்கே தடித்த சுவருடைய அணுக்கள் தண்ணீரைப் பிளக்காமல், வெளிச்சத்தின் வலிமையை அதற்கே செலவிடுகின்றன. நெல்வயலில் தழைச்சத்து சேர்வதற்கு இப்பாசி காரணமென்று பி. கே. டே 1939-இல் காட்டினார். வாய்ப்பான நிலையில் ஏக்கருக்கு ஏறக்குறைய 8 முதல் 12 கிலோ கிடைக்கலாம். யூரியாவை அறவே நிறுத்தலாமென்பது இதன் பொருளன்று. ஆனால் யூரியாவை அளவுமீறி இட்டால் பாசி இவ்வேலையை விட்டுவிடும்.

பஞ்சுத்திரள்போல் மிதந்து, நீண்ட பசிய நூலாய் நாற்றைப் பின்னுவது பெரும்பாலும் பச்சைப்பாசி. அது தழைச்சத்தைச் சேர்ப்பதில்லை. இளநாற்றைச் சாய்க்குமாயின் வாரி வரப்பில் போடுக. கரும்பச்சையாய், வழவழப்பான தோல்போல் படர்வதை விட்டுவைக்க. மயில்துத்தம் இரண்டையும் வேறுபாடின்றிக் கொல்லும்.